பால் கொடுத்த வீடு

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். கெட்டிக்காரப் பெண். பினாங்கில் அந்தக் காலத்தில் சமூகங்கள் எப்படிக் கலந்து வாழ்ந்தன, பிறகு எப்படி ஒதுங்கிப் போயின என்பதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். நாற்காலியில் உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, தயாராக வைத்திருந்த முதல் கேள்வியைக் கேட்டாள். "பக்கத்து வீட்ல இருந்தவங்க உங்க இனமாம்மா, வேற இனமா?"

"எனக்கு வேற இனம். என் மகளுக்குச் சொந்தம்" என்றேன்.

அவள் பென்சில் நின்றுவிட்டது. வயதானவளுக்குக் கேள்வி விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அதையே உரக்கக் கேட்டாள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும், அதனால் கொஞ்சம் எரிச்சல் வந்தது. ஆனாலும் விவரமாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் எழுதியிருந்ததை எட்டிப் பார்த்தேன். இந்தியர், மலாய்க்காரர், சீனர், மற்றவர் என்று கட்டம் போட்டிருந்தாள். என் மகளுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இருந்த உறவை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல் ஓரத்தில் கிறுக்கி வைத்திருந்தாள். ஓரத்தில் கிடக்கிற விஷயம் இல்லை அது. அதனால் நானே எழுதுகிறேன்.

நான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, கல்யாணமான மறு வருஷம் பினாங்குக்கு வந்தவள். என் கணவர் துறைமுக ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி. சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார். மாதா கோயில் நடந்து போகும் தூரம்தான். எங்களைப் போல வேதத்தில் சேர்ந்த கிறிஸ்தவர்கள், வேதக்காரர்கள், நாலைந்து குடும்பம் அக்கம்பக்கத்தில் இருந்தார்கள். ஆனால் சுவரை ஒட்டிய வீடு அவர்களுடையது இல்லை. அது சூலியா தெருவில் தொப்பிக்கடை வைத்திருந்த ஒரு மரைக்காயருடையது.

அவர் மனைவிக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது அதிகம் இருக்கும். அவளுடைய அப்பா நாகூர்ப் பக்கத்துத் தமிழர், அம்மா இந்தத் தீவிலேயே பிறந்த மலாய்க்காரி. அப்படிப் பிறந்தவர்களை அப்போது ஜாவி பெக்கான் என்பார்கள். சாரோங்கும் நீளச் சட்டையும் போட்டுக்கொண்டு, மலாய் இழுவையில் தமிழ் பேசுவாள். எனக்கும் அவளுக்கும் முதல் பழக்கமே சண்டைதான். நான் மீன் கழுவிக் கொட்டுகிற தண்ணீர் அவள் வீட்டுப் பின்வாசல் வழியாகச் சாக்கடைக்குப் போகும். "தங்கச்சி, உன் வீட்டு மீனு என் வீட்டுக்கு நடந்து வருதுலா" என்றாள். "வேணும்னா பிடிச்சு வச்சுக்கங்க அக்கா" என்றேன். ஒரு வாரம் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனோம்.

அந்த வருஷமே அவளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. சில மாதம் கழித்து எனக்குப் பெண் பிறந்தது.

எனக்குத் தாய் இல்லை. பிரசவம் பார்க்க என் நாத்தனார் அக்கரையில் இருந்த பிறை ஊரிலிருந்து படகேறி வந்தார். அவர் கணவருக்கு ரயில்வேயில் வேலை. நல்ல மனுஷி, ஆனால் ஊரையே தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர். பூண்டுக் குழம்பு, கருவாடு, பிரசவ மருந்து என்று வேளைக்கு வேளை தந்தார். மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல் கண்டது. நெருப்பாய்க் கொதித்தது. காய்ச்சல் இறங்கியபோது என் பாலும் சேர்ந்து இறங்கிவிட்டது. பால்சுறா வாங்கிப் புட்டுச் செய்து கொடுத்தார் நாத்தனார். முருங்கைக் கீரையாக அரைத்துக் கொடுத்தார். மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். மார் வற்றிய குளம் போலத்தான் இருந்தது.

டின் பாலைக் கரைத்துக் கொடுத்தோம். பிள்ளைக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. குடிப்பதும் வெளியே போவதுமாக இருந்தது. தொடையில் தோல் சுருங்கித் தொங்கியது. என் கணவர் ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் தொட்டிலை எட்டிப் பார்ப்பார். அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்றார் நாத்தனார். பிழைக்காது என்று தோன்றுகிற பிள்ளைக்குத்தான் அவசர ஞானஸ்நானம் கொடுப்பார்கள். கோயில் உபதேசியார் வந்து தண்ணீர் ஊற்றிப் பேர் வைத்துவிட்டுப் போனார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பின்கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்தாள். சண்டைக்குப் பிறகு அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

"பிள்ளை கத்திக்கிட்டே இருந்தா பேசாம இருந்திருப்பேன். ரெண்டு நாளா சத்தம் கொறைஞ்சு போச்சு. அதான் வந்தேன்" என்றாள்.

கேட்காமலே தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சட்டை ஊக்கைக் கழற்றிப் பால் கொடுத்தாள். என் மகளுக்கு முதலில் உறிஞ்சத் தெம்பில்லை. அவள் தன் விரலால் பிள்ளையின் கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பினாள். பிறகு அந்தச் சின்ன வாய் பிடித்துக்கொண்டது. விழுங்குகிற சத்தம் கேட்டதும் நான் அழுதுவிட்டேன்.

நாத்தனார் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போன பிறகு, "துலுக்க வீட்டுப் பாலு. ஊர்ல தெரிஞ்சா என்ன சொல்வாங்க?" என்றார்.

"ஊர் கப்பலுக்கு அந்தப் பக்கம் இருக்கு மதினி" என்றேன். அதற்கு மேல் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று அவள் வந்து கொடுத்தாள். அடுத்த நாள் காலையிலும் வந்தாள். ஆனால் அன்று உள்ளே வரவில்லை, வாசல்படியிலேயே நின்றாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. தன் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள்.

"தங்கச்சி, ஒரு விஷயம் கேக்கணும். நேத்து ராத்திரி என் வீட்டுக்காரர் பள்ளிவாசல்ல லெப்பைகிட்ட கேட்டுட்டு வந்தாரு. நாலு தரம் வயிறு நெறயக் குடுத்தாச்சு. நாலு தரம் வரைக்கும் அது தர்மம்தானாம். அஞ்சாவது தரம் குடிச்சா இவ எனக்கு மகளாயிருவா. பால் பிள்ளை. இவனுக்குக் கூடப்பொறந்தவ. அப்புறம் இவனும் இவளும் எந்தக் காலத்துலயும் காவின் பண்ணிக்க முடியாது."

காவின் என்றால் மலாயில் கல்யாணம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்று ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளை, மற்றது சுன்னத்துக்குக் காத்திருக்கிற பிள்ளை. இரண்டுக்கும் பல் முளைக்கவில்லை. "யாருக்கா இவங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கப் போறாங்க?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "கல்யாணம் கெடக்கட்டும்லா. மகள்னு ஆயிட்டா எனக்கு இவ மேல பாத்தியதை வந்துரும். இவளுக்கும் எங்க மேல வந்துரும். குடுத்த பாலத் திருப்பி வாங்க முடியாது. நீ ரோசிச்சுச் சொல்லு. வேணாம்னா நான் வேற யாரையாச்சும் தேடித் தரேன்" என்றாள்.

நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையிலா இருந்தேன்? "முதல்ல பிள்ளை பிழைக்கட்டும்கா. பிழைச்ச பிறகு நீங்களும் நானும் பங்கு போட்டுக்கலாம்" என்றேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பிஸ்மில்லா சொல்லிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். ஒரு பக்கம் அவள் மகன், மறுபக்கம் என் மகள். பையன் அந்த வயதிலேயே பொறாமைக்காரன், கையை நீட்டி என் மகளின் காதைப் பிடித்து இழுத்தான்.

என் மகள் பிழைத்தாள். ஒன்றரை வருஷம் அந்த வீட்டுப் பால் குடித்தாள். அதற்குப் பிறகு எனக்குப் பிள்ளை இல்லை.

பங்கு போட்டுக்கலாம் என்று நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். நாள் போகப் போகத்தான் அது எனக்குப் புரிந்தது. அவளை என் மகள் மாக் என்று கூப்பிட்டாள். மலாய்ப் பிள்ளைகள் அம்மாவைக் கூப்பிடுகிற வார்த்தை. நாங்களும் அவளை மாக் என்றே சொல்ல ஆரம்பித்தோம். மரைக்காயரின் தம்பி பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால், என் மகளுக்குப் பன்னிரண்டு வயதானதும், "நீ உள்ள போ, அந்நிய ஆம்பளைங்க வந்திருக்காங்க" என்று மாக் அவளை விரட்டுவாள். என் வீட்டில் என் மகளை யாரும் அப்படி உள்ளே போகச் சொன்னதில்லை. ஆனால் மாக்கின் மகன் முன்னால் என் மகள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பேன் பார்க்கலாம். அவன் அந்நியம் இல்லையே. தோளைத் தள்ளலாம், தட்டிலிருந்து பிடுங்கித் தின்னலாம், அடித்துக்கொள்ளலாம். அடித்துக்கொள்வதுதான் அதிகம்.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் பன்றிக்கறி சமைப்போம். ஒரு வருஷம் என் மகள் தட்டைத் தள்ளி வைத்தாள். "வேணாம்மா. மாக் எனக்கு முத்தம் குடுப்பாங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. மாக் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை என்று தெரிந்தபோது கோபம் இன்னும் அதிகமானது, யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால். மறு வருஷத்திலிருந்து கோழிதான். என் கணவர் இரண்டு கிறிஸ்துமஸ் பெருமூச்சு விட்டார், பிறகு பழகிக்கொண்டார்.

அந்தப் பல்கலைக்கழகப் பெண் எப்போது மாற்றம் வந்தது என்று கேட்டாள். தேதி எனக்குத் தெரியாது. நான் வந்த காலத்தில் சந்தில் சண்டை என்றால் சாக்கடைக்கும் கோழிக்கும்தான். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போகிற காலத்தில், நாம் யார் என்ற பேச்சு ஆரம்பித்தது. தமிழருக்கு ஒரு சங்கம், தமிழ் முஸ்லிம்களுக்கு ஒன்று, மலாய்க்காரருக்கு ஒன்று, சீனருக்குப் பல. எங்கள் கோயிலிலேயே தமிழர் திருநாளைத் தனியாகக் கொண்டாட வேண்டும் என்று என் கணவர் உட்பட நாலு பேர் கூட்டம் போட்டார்கள். மாக்கின் மகன் அப்போது அப்பாவின் தொப்பிக்கடையைப் பார்த்துக்கொண்டான். பந்து விளையாட்டில் கெட்டிக்காரன். மலாய்க் குழுவில் போனால் உன் பாட்டன் கப்பலில் வந்தவன் என்றார்கள். தமிழர் குழுவில் போனால் உன் பாட்டி மலாய்க்காரி என்றார்கள்.

"ரெண்டு பேரும் கோல்ல நிக்கத்தான் கூப்பிடுறாங்கம்மா. பந்தைப் பிடிச்சா நம்மாளு, விட்டா அவங்காளு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தான். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவான். என்னால் சிரிக்க முடியவில்லை.

என் மகள் கன்னியர் மடத்துப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். இருபது வயது. தைப்பிங்கிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் ரயில்வே கிராணி, நல்ல குடும்பம், பழைய வேதக்காரர்கள். என் கணவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கும்தான். பையனின் அப்பாவும் அம்மாவும் பெண் பார்க்க ஒரு சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. அன்று காலையிலும் பள்ளிக்கூடத்தில் வேலை இருந்தது. மத்தியானத்துக்குள் வந்துவிடு என்று சொல்லி அனுப்பினேன்.

பள்ளி விட்டதும் அவளை அழைத்து வர மாக்கின் மகன் போயிருந்தான். வழியில் பெருமழை. படகுத்துறைப் பக்கத்தில் ஒதுங்கியிருக்கிறார்கள். அன்றைக்கென்று தலைக்கு ஊற்றி, சீவி, பூ வைத்து அனுப்பியிருந்தேன். தலை நனைந்தால் அம்மா கொன்றுபோடுவாள் என்று இவள் புலம்ப, அவன் தன் தொப்பியைக் கழற்றி இவள் தலையில் கவிழ்த்திருக்கிறான். இவள் அவன் முதுகில் ஒன்று வைத்திருக்கிறாள். இருவரும் சிரித்துக்கொண்டு மழையில் ஓடியிருக்கிறார்கள். அதே நேரம் பையனைப் பெற்ற தைப்பிங்கார அம்மா பிறைப் படகிலிருந்து இறங்கி, ரிக்‌ஷாவுக்குள் ஏறி உட்கார்ந்து, படுதாவை விலக்கி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மகள் பின்பக்கமாக வந்து சேலை மாற்றிக்கொண்டு, காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். வணக்கமாகத் தோத்திரம் சொன்னாள். அந்த அம்மா காப்பியை எடுக்கவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னிடம் நிதானமாகக் கேட்டார்.

"அந்தத் தொப்பி யாருதும்மா?"

மழையில் நடந்ததை என் மகள் வந்ததுமே என்னிடம் சொல்லியிருந்தாள், அதனால் நான் விஷயத்தைச் சொன்னேன். மறைக்க ஒன்றும் இல்லை. பால் வற்றியது, பிள்ளை சாகக் கிடந்தது, பக்கத்து வீட்டில் பால் கொடுத்தது, அதனால் அவர்கள் வழக்கப்படி அவன் இவளுக்கு அண்ணன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவங்க வழக்கம் அவங்களுக்கு. நமக்கு ஏது பால் அண்ணன்? எங்க வீட்ல ஆட்டுப்பால் குடிச்சு வளர்ந்த பிள்ளைங்க இருக்கு. ஆட்டுக்குட்டிக்கெல்லாம் முறை வச்சா கூப்பிடுறோம்?" என்றார்.

என் நாக்கின் நுனி வரைக்கும் பதில் வந்துவிட்டது. என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து மாக் பின்வாசல் வழியாக வந்தாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று காலையிலிருந்து பலகாரம் செய்திருந்தாள். தட்டு நிறைய அடுக்கி, மேலே வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தாள். ஆட்டுப்பால் பேச்சு அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். தட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றாள். அவள் மகன் பின்கதவுக்கு அப்பால், ஈரத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

தைப்பிங்கார அம்மாவைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவர் மாக்கை மரியாதையாக உட்காரச் சொன்னார். "அக்கா, பொண்ணு எனக்குப் பிடிச்சிருக்கு. நான் மழையில பார்த்ததை எங்க ஆளுங்க இன்னும் ரெண்டு பேரு பார்த்திருக்காங்க. ஊருக்குப் போனா நான் பதில் சொல்லணும். நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பால் கீல் எல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா அக்கம்பக்கம், இனிமே என் மகன் அந்தப் பொண்ணோட பேசமாட்டான்னு உபதேசியார் முன்னால சொல்லிருங்க. கல்யாணத்துக்கும் நீங்க யாரும் வர வேணாம். அது முடிஞ்சா பேச்சும் முடிஞ்சுது" என்றார்.

மாக் உட்காரவில்லை.

"கல்யாணத்துக்கு வர வேணாம்னா வரலை. என் மகனும் வரமாட்டான். இந்தப் பிள்ளை நல்லா இருந்தாப் போதும். பேசக் கூடாதுன்னாலும் பேசலை. ஆனா மகள் இல்லைன்னு மட்டும் சொல்ல முடியாதும்மா" என்றாள்.

"ஒரு வார்த்தைதானே அக்கா."

"அந்த ஒரு வார்த்தைய நான் சொல்லிட்டேன்னா இவங்க ரெண்டு பேரும் அந்நியமாயிருவாங்கலா. அந்நியப் பையன் அந்நியப் பொண்ணு தலையில தொப்பி வச்சான்னு ஆயிரும். இத்தன வருசம் ஒரே வீட்டுல ஒண்ணா உக்காந்தது, சாப்பிட்டது, அடிச்சுக்கிட்டது எல்லாம் தப்பாயிரும். இப்ப நீங்க சந்தேகப்படுறீங்க. நான் சொல்லிட்டா அது நெசமாயிரும்."

தைப்பிங்கார அம்மா தன் கணவரைப் பார்த்தார். அவர் வந்ததிலிருந்து வாயே திறக்காத மனுஷர். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். என் மகள் குளிர்ந்துபோன காப்பித் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நடையில் தடுமாற்றம் இல்லை. மறு வாரம் உபதேசியார் மூலமாக, சம்பந்தம் வேண்டாம் என்று செய்தி வந்தது.

எனக்கு மாக் மேல் வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? அவர்கள் போனதும் பின்கட்டில் வைத்து, "ஒரு வார்த்தை, அக்கா. சொன்னா உங்க வாயிலிருந்து முத்தா உதிர்ந்துரும்? உங்க மதத்துக்காக என் மகள் வாழ்க்கை போச்சு" என்று கத்தினேன். அவள் துணிகூட விலக்காத பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த மாதம் முழுக்க நான் அவளோடு பேசவில்லை. என் மகள் வழக்கம்போல இரண்டு வீட்டிலும் சாப்பிட்டாள். என்னோடும் அளவாகத்தான் பேசினாள்.

ஒரு நாள் பூசை முடிந்து வரும்போது கோயில் வாசலில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். தைப்பிங் பேச்சு இங்கேயும் வந்துவிட்டது. எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. திரும்பி அவர்களிடம் போய், "என் மகளும் அந்தப் பையனும் ஒரு தாய்ப்பால் குடிச்சவங்க. சந்தேகம் இருந்தா அந்தத் தாயைப் போய்க் கேளுங்க. அவ எந்தச் சபையிலயும் வந்து சொல்லுவா" என்றேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது. மாக் அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், இன்றைக்கு இவர்களிடம் சொல்ல என்னிடம் என்ன இருந்திருக்கும்? அவள் தன் மதத்துக்காக நின்றாள் என்று நினைத்தேன். என் மகளின் மானத்துக்காக நின்றிருக்கிறாள்.

நேராக அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதெல்லாம் எனக்கு வராது. "அக்கா, மீன் கழுவின தண்ணி இன்னும் உங்க வாசல்லதான் போகுது. திட்டவே மாட்டேங்கிறீங்க" என்றேன். "திட்டினா நீ பேசாமப் போயிருவே, அதான்" என்றாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னாள்.

இரண்டு வருஷம் வேறு எதுவும் அமையவில்லை. எனக்குக் கவலைதான். என் மகளிடம் கேட்டால், "அண்ணனை வேணாம்னு சொல்ற வீடு எனக்கு வேணாம்மா" என்பாள். கடைசியில் வரன் கொண்டுவந்தவர் என் நாத்தனார். பிறையில் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக டிரெஸ்ஸர் வேலை பார்த்த பையன். தகப்பன் இல்லை, தாய் மட்டும். நாத்தனார் அவர்கள் வீட்டுக்குப் போய், நல்லது கெட்டது எதுவும் பேசுமுன்னே, "பொண்ணுக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கான், துலுக்கப் பையன், பால் உறவு. சம்மதம்னா மேல பேசுவோம், இல்லைன்னா காப்பியைக் குடிச்சிட்டு நான் கெளம்புறேன்" என்றாராம். என் நாத்தனாரா என்று என்னாலேயே நம்ப முடியவில்லை. அந்தத் தாய் சற்று யோசித்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு வாசல்ல மாலை போட மச்சான் வேணுமில்ல? இருக்கட்டும்" என்றாராம்.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையை வாசலில் எதிர்கொண்டு, மாலை போட்டு, மோதிரம் அணிவித்து அழைத்துப் போவது பெண்ணின் உடன்பிறந்தவன். அது இல்லாமல் கல்யாணம் நிறையாது. மாக்கின் மகனிடம் கேட்டோம். அவன் சேர்ந்திருந்த தமிழ் முஸ்லிம் சங்கத்துப் பையன்களுக்கு அது பிடிக்கவில்லை. கோயில் கல்யாணத்தில் உனக்கென்ன வேலை, நீ யார் பக்கம் என்று கேட்டார்களாம். "என் தங்கச்சி பக்கம்" என்று சொல்லிவிட்டு வந்தான். ஆனாலும் அவனுக்கு வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது. அந்தப் பையன்களோடு பந்து விளையாடப் போவது அதற்குப் பிறகு குறைந்துபோனது.

கல்யாணத்தன்று வெளிக்கதவில் நின்று மாப்பிள்ளைக்கு மாலை போட்டான். விரல் தடித்த மாப்பிள்ளை, மோதிரம் ஏறவில்லை. "பொறுங்க மச்சான்" என்று திருகித் திருகி ஏற்றினான். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை கோயிலுக்குள் போனதும் அவன் வெளியிலேயே நின்றுகொண்டான்.

மாக்கும் உள்ளே வரவில்லை. கோயில் மதிலுக்கு வெளியே மரத்தடியில், தன்னிடம் இருந்ததிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, தங்க ஊசி குத்திக்கொண்டு நின்றாள். பூசை முடிகிறவரை நின்றே இருந்தாளாம். நிற்க வேண்டாம், பெஞ்சு தரேன் என்று கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயிற்பிள்ளை சொல்லியும் உட்காரவில்லையாம்.

பூசை முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வந்தார்கள். மணமான பெண் வாசலில் முதலில் பெற்றவள் முன்னால் மண்டியிட வேண்டும். பெற்றவள் அவள் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்க வேண்டும். அதற்காகவே நான் முன்னால் ஓடி வந்து, மேல்படியில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் நின்றிருந்தேன். என் மகள் வெள்ளைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். என்னைக் கடந்து போனாள். முற்றத்தைத் தாண்டி, மதில் கதவைத் தாண்டி, மரத்தடிக்குப் போனாள். மாக்கின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்து, மலாய்ப் பிள்ளைகள் செய்வது போலக் குனிந்து, அந்தக் கையில் முத்தமிட்டாள். மாக் அவள் தலையில் கைவைத்து ஏதோ முணுமுணுத்தாள். அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன். நான் நின்ற இடத்திலேயே, என் முறை வருகிறவரைக்கும் நின்றேன்.